தன் வேலைமேல் தானே எழுதிய புகார்

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் உருண்டை உருண்டையாக அண்ணியின் எழுத்து. 'அங்கன்வாடி சன்ஷேடு சரியில்லை. சரிசெய்யும்வரை பில் போட வேண்டாம். இப்படிக்கு, ஒப்பந்தக்காரர்.' வேலையைப் பார்வையிடும் ஒன்றியப் பொறியாளர் அதை என் முன்னால் தள்ளினார். "ஏம்பா, உங்க கான்ட்ராக்டரே உங்க வேலைமேல கம்ப்ளெயிண்ட் எழுதிகிறாங்க. பேஜாரா கீது. இதை நான் எந்த ஃபைல்ல வெக்கறது?" அவருக்கும் புரியவில்லை, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒப்பந்தக்காரர் அண்ணிதான், காகிதத்தில். அரசுக் கட்டட வேலை எடுக்க ஒப்பந்தக்காரராகப் பதிவு வேண்டும். பதிவுக்குத் தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்று வேண்டும். என் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அண்ணன் அரசு ஊழியர், அவர் எடுக்கக் கூடாது. ஆரணியில் அண்ணிக்கு அவர் அப்பா எழுதிவைத்த வீடு இருந்தது. ஆகவே பதிவு அவருக்கு, வேலை எனக்கு. நான் காட்டிய இடத்திலெல்லாம், தறியை நிறுத்திவிட்டு எழுந்துவந்து கையெழுத்துப் போடுவார். இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

ஒருநாள் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்திருக்கிறார். வேலை முடிந்த பிறகும் குறை தெரிந்தால் ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்று அதில் இருந்தது. மறுநாளே தனியாகப் பஸ் பிடித்து, அங்கன்வாடி கட்டிய சந்தவாசலுக்குப் போய், சாரப் பலகைமேல் ஏறி, வீட்டுச் சாவியால் சன்ஷேடைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார். மணலாகக் கொட்டியிருக்கிறது. சிமெண்டில் நான் கொஞ்சம் கைவைத்தது உண்மைதான். கொஞ்சம்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி" என்று கத்தினேன்.

"உன்னைக் கேட்டா நல்லாகீதுன்னுதான் சொல்லுவ தம்பி. எம்பேரு போட்டுகிதே, நான் பாக்க வேணாமா?"

அண்ணன் ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. நான் பைக்கை விற்றுச் சன்ஷேடை இடித்துக் கட்டினேன். அடுத்த முறை பதிவைப் புதுப்பிக்க அண்ணி மறுத்துவிட்டார். நான் மூன்று வருஷம் மற்றவர்களிடம் மேஸ்திரி வேலை பார்த்தேன்.

போன வருஷம் அண்ணி இறந்துவிட்டார். வீடு போய்விடும் என்று பயந்தாரா, பிள்ளைகள் தலையில் விழும் என்று பயந்தாரா, நான் கேட்கவே இல்லை. அந்தப் பழைய சன்ஷேடு விழாமல் நின்றிருக்கவும் கூடும். அப்படியானால் என் மூன்று வருஷம் எதற்குப் போனது? விழுந்திருந்தால்? அவர்மேல் எனக்கு இருப்பது கோபமா நன்றியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நினைத்தால் அழுகை மட்டும் வருகிறது.

இப்போது பதிவு என் மனைவி பெயரில். அவள் வீட்டார் கொடுத்த மனையைக் காட்டி வாங்கியது. போன வாரம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கான ஒப்பந்தத்தை நீட்டினேன். பக்கத்தைக்கூடப் புரட்டாமல் அவள் பேனாவைத் திறந்தாள்.

"படிச்சுட்டுப் போடேன்" என்றேன்.

"நீங்க பாத்துகினா போதாதா?"

பேனாவை வாங்கி மூடிவிட்டு, குறைக்கு யார் பொறுப்பு என்று எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி அவள் முன்னால் வைத்தேன்.