மூணு நாளா தெரியாத கார்டு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில்ல மிஷின் மக்கர் பண்ணா மிஷினைத் திட்ட முடியாது, மொதலாளியத் திட்ட முடியாது, கடைசில கஸ்டமரைத்தான் திட்டுவோம். டெய்லி காலேஜ் விட்டதும் பூனமல்லில ஒரு கடைல நானும் இந்த வேலையத்தான் பாக்கறேன். இதே வேலைல மாட்டிக்கினு இருக்கிற உங்களுக்கும் இது தெரியும், ஆனா ஒத்துக்க மாட்டீங்க. நான் ஒத்துக்கிறேன்.

டிரைவர் சரியில்ல

திருமழிசைல கலைவாணின்னு ஒரு அக்கா. டிப்ளமோ மெக்கானிக்கல். அம்பத்தூர்ல ஒரு கம்பெனி அவங்களுக்கு டெஸ்ட் வச்சிருந்தான்: ஒரு கியர்பாக்ஸை கம்ப்யூட்டர்ல முழுசா வரைஞ்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். அனுப்பினாதான் வேலை. அந்த வரையிற சாஃப்ட்வேர் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம தொறக்கவே தொறக்காது. அதுக்குன்னே புதுசா ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி ஊட்லயே மாட்டிட்டாங்க. கார்டுல ஃபேன் சுத்துது. கம்ப்யூட்டர் மட்டும் அப்படி ஒரு கார்டே இல்லன்னு சாதிக்குது.

புதன்கிழமை போனேன். கார்டைக் கழட்டி, கழட்டின கையோட திரும்பச் சொருகினேன். மானிட்டர் கேபிளை மாத்தினேன். டிரைவர் சாஃப்ட்வேரை ரெண்டு தடவ ஏத்திப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. எனக்கு ஒண்ணும் புரியலன்னா சொல்றதுக்குன்னே ஒரு வரி வச்சிருக்கேன், அதையே சொன்னேன்: "டிரைவர் சரியில்ல." கட்டில்ல உக்காந்து சட்டை பட்டன் போட்டுக்கினு இருந்த அவங்கப்பா நிமிர்ந்து பாத்தாரு. அவரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கம்பெனி வேன் ஓட்டற டிரைவரு. "இன்னா நைனா, வந்து பத்து நிமிசம் ஆவல, அதுக்குள்ள என்னையே கொற சொல்றே?"

ரெண்டு இன்ஜினியர்

"பவர் பத்தலடா, பெருசா ஒண்ணு மாட்டு"ன்னாரு மொதலாளி. வியாழக்கிழமை காலேஜ் விட்டு, பவர் சப்ளையை மடில வச்சிக்கினு பஸ்ல போனேன். நசரத்பேட்டைல முக்கா மணி நேரம் வண்டி நவுரல. போய் மாட்டினேன். ஃபேன் முன்னவிட ஜோரா சுத்திச்சு. கார்டு தெரியல.

மண்டை காஞ்சிடுச்சு எனக்கு. அக்கா மெதுவா, "கார்டையே ஒருவாட்டி நல்லா பாக்கலாமா"ன்னாங்க. எகிறிட்டேன். "இன்ஜினியர் நீங்களா, நானா?" அவங்க குரலை ஒசத்தவே இல்ல. "ரெண்டு பேருமே இல்ல தம்பி. நான் டிப்ளமோ, உனக்கு மூணு அரியர் கீதுன்னு உன் மொதலாளியே போன்ல சொன்னாரு."

ரிட்டர்ன் போற பொட்டி

வெள்ளிக்கிழமை லேபை கட் அடிச்சிட்டு ரெண்டு மணிக்கே போயிட்டேன். மதர்போர்டுக்குள்ளயே இருக்கிற பயாஸ்ங்கிற சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணேன். அது ஏறும்போது கரன்ட் போனா போர்டே செத்துடும். டவுன்லோடு அது இதுன்னு அந்த திகில்லயே ஒரு மணி நேரம் போச்சு. அப்பவும் தெரியல. கார்டு வித்தவனுக்கு போன் போட்டு இன்னொரு மணி நேரம் சண்டை. நாலரைக்கு, "கார்டு டெட்டு, ரிட்டர்ன் போடுங்க"ன்னு தீர்ப்பு சொல்லி கழட்டிக் குடுத்தேன். அவங்கப்பா அதை அட்டைப் பொட்டில வைக்கப் போனவரு நின்னாரு. "தம்பி, பொட்டை அழிச்சிட்டு அனுப்பணுமா, அப்படியே அனுப்பலாமா?"

புடுங்கித் திருப்பினேன். ஸ்லாட்டுக்குள்ள போற பல்லு வரிசை இருக்குல்ல, தங்கக் கலர்ல, அதோட பின்பக்கம் மூணு பொட்டு. சந்தனம், அதுமேல குங்குமம், காஞ்சு கெட்டியா ஒட்டிக்கினு இருந்துச்சு. மாட்டறதுக்கு முன்னாடி சாமி படத்துகிட்ட வச்சு பூஜை போட்டிருக்காரு. புது வண்டிக்கு நாம வைக்கிறதில்லையா, அதே மாதிரி. ஃபேனுக்குக் கரன்ட் போவுது, அந்தப் பொட்டைத் தாண்டி கம்ப்யூட்டருக்கு சேதி போவல. ஏன் சொல்லலன்னு கத்தினேன். அவரு கத்தல. "தங்கமா மின்னிச்சு, அந்த எடத்துல வச்சேன். மூணு நாளா கழட்டி மாட்டறே, நீயே ஒண்ணும் சொல்லல, அப்ப அது தப்பில்லபோலன்னு நெனச்சேன்."

கையெழுத்து

பென்சில் அழிக்கிற ரப்பரால தேச்சேன். ஸ்லாட்டை பிரஷ்ஷால தட்டிட்டு மாட்டினேன். ஆன் பண்ண உடனே கார்டு தெரிஞ்சுது. மணி நாலு அம்பத்தஞ்சு. வரையறதுக்கு கொறஞ்சது ஆறு மணி நேரம் வேணும். நாளைக்கு அனுப்பலாமான்னு அக்கா கம்பெனிக்கு மெயில் போட்டாங்க. வேற ஆள் எடுத்தாச்சுன்னு பதில் பத்து நிமிசத்துல வந்துச்சு. அவங்கப்பா காலி அட்டைப் பொட்டிய மடிச்சுக் கட்டிலுக்கு அடில தள்ளினாரு.

மொதலாளிக்கு போன் பண்ணேன். "சர்வீஸ் சீட்டுல 'கஸ்டமர் தப்பு'ன்னு எழுதி கையெழுத்து வாங்கிடு, நாளைக்கு நம்ம மேல வரக் கூடாது"ன்னாரு. எழுதி நீட்டினேன். அக்கா படிச்சாங்க, பேனாவை வாங்கல. "அவரு வச்சது ஒரு நிமிசத் தப்பு. மூணு நாள் திருப்பிப் பாக்காதது உன் தப்பு. அதையும் எழுது, அப்பறம் போடறேன் கையெழுத்து."

எழுதிக் குடுத்தேன், அக்கா கையெழுத்து போட்டாங்க, சீட்டை மொதலாளி கிழிச்சுப் போட்டாரு, அக்காவுக்கு இன்னும் வேலை கெடைக்கல, கார்டு மட்டும் பிரமாதமா ஓடுதாம்.