கைராசிக்காரரின் கறுத்த காந்தம்

அந்த மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக அவருக்கு 'ஏறக்குறைய சார்' என்றுதான் பெயர். சோதனை என்னாயிற்று என்று யார் கேட்டாலும், "ஏறக்குறைய வந்துருச்சு" என்பார். வந்ததே இல்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் கண்ணாடித் தடுப்பு வைத்த தனி அறைக்குள் போய்விட்டார்கள். இவர் மட்டும் குடுவையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

வேலை என்னவோ ஒன்றேதான். கார்பன் அணுக்களாலான இரண்டு வளையங்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். பல மாத்திரைகளின் உயிர்நாடி இந்த ஜோடிதான். அவர் காலையில் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரையிலும் இதுவே இருந்தது. ஆனால் வளையங்கள் தாமாக ஒட்டாது. முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நிற்கும். நடுவில் பல்லேடியம் என்ற உலோகம் தரகு வேலை பார்க்க வேண்டும். காரியம் முடிந்தாலும் தரகர் லேசில் கிளம்பமாட்டார். மருந்தில் அளவுக்கு மேல் தங்கினால் ஆபத்து என்பதால், அவரை அலசி வெளியேற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இவருடைய சோதனை எப்போதும் சறுக்குவது அங்கேதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பல்லேடியத்தைப் போடவே மறந்துவிட்டார். மாலையில் பார்த்தால் வளையங்கள் ஒட்டியிருந்தன! மறுநாள் வேண்டுமென்றே போடாமல் செய்தார். ஒட்டின. மூன்றாம் முறையும் ஒட்டின.

ஆய்வுத் தலைவி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "உலோகமே இல்லாமலா? அடுத்த வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் வராங்க. அவங்க முன்னாடி செஞ்சு காட்டுங்க சார். புதுப் பிரிவு ஆரம்பிச்சா நீங்கதான் தலைமை. அந்த ஓரத்து அறை உங்களுக்கு."

புதிதாகச் சேர்ந்த பக்கத்து மேசைப் பெண் அதே குறிப்பை வைத்து மூன்று முறை செய்து பார்த்தாள். அவளுக்கு வரவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் சார் வர மாட்டேங்குது?"

"சில பேருக்குக் கைராசிம்மா" என்றார் அடக்கமாக.

அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது. சண்டித்தனம் செய்யும் குடுவைகளை எல்லாரும் அவரிடம் தூக்கி வந்து, "ஒரு தடவை தொட்டுக் குடுங்க சார்" என்றார்கள். அவரும் தொட்டுக் கொடுத்தார். வெட்கமே படவில்லை.

வீட்டில் மட்டும் அந்தப் பருப்பு வேகவில்லை. "அந்தக் கைராசிக் கையால சமையல்கட்டு பல்பை மாத்துங்க. மூணு மாசமா தடவித் தடவி சமைக்கிறேன்" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை, பக்கத்து மேசைப் பெண்ணின் கலக்கும் காந்தம் கழுவும்போது சாக்கடைக்குள் போய்விட்டது. குடுவைக்குள் சுழன்று திரவத்தைக் கலக்கும், வெள்ளை உறை போட்ட சின்னக் காந்தம் அது. அவர் பெருந்தன்மையாகத் தன் பதினெட்டு வருடக் காந்தத்தைக் கொடுத்துவிட்டு, ஒத்திகைக்குப் புதிது ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மாலையில் அவள் துள்ளிக் குதித்தாள். "சார், எனக்கும் கைராசி வந்துருச்சு!"

அவருடைய குடுவையில் வளையங்கள் போட்டது போட்டபடி கிடந்தன.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பழைய காந்தத்தை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தார். வெள்ளை உறையின் கீறல்களுக்குள் கறுப்பு அப்பியிருந்தது. பதினெட்டு வருடப் பல்லேடியம்! எத்தனை கழுவினாலும் போகாமல் உள்ளேயே உட்கார்ந்து தரகு பார்த்திருக்கிறது. வாயைத் திறக்காமல் நாளை அதே காந்தத்தைப் போட்டால், ஓரத்து அறை அவருடையது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. காந்தத்தை யார் பார்க்கிறார்கள்?

வெள்ளி காலை மாத்திரையைக் கையில் எடுத்தவர் விழுங்காமல் அதையே பார்த்தார். இதையும் எவனோ ஒருவன் கோத்திருக்கிறான். உலோகம் இல்லை என்று அவன் சொன்னால், இல்லை என்று நம்பித்தானே தினமும் வாயில் போடுகிறோம்? அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பினார்.

மதியம் இயக்குநர்கள் முன்னால் இரண்டு குடுவைகளை வைத்தார். "இது பழைய காந்தம், ஒட்டிருச்சு. இது புதுசு, ஒட்டலை. கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் அழுக்குக் காந்தம்தான்."

தலைவி நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஓர் இயக்குநர் வாய்விட்டே சிரித்தார். ஓரத்து அறை அந்தச் சிரிப்போடு போயிற்று. மூத்த இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தக் கறுப்புல எவ்வளவு உலோகம் இருக்கும்?"

"தராசுல வெச்சா முள்ளுகூட அசையாது சார்."

"நாம வழக்கமா போடுறது?"

"அதைவிட நூறு மடங்காவது..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். தலைவி நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

மறு வாரமே எடைபோட்ட பல்லேடியம், வழக்கமாகப் போடுவதில் நூறில் ஒரு பங்கு மட்டும். அலசி எடுக்க வேண்டியதும் அவ்வளவுதான். காந்தம் புத்தம் புதிது. குடுவையைத் தொட்டதுகூட அவரில்லை, பக்கத்து மேசைப் பெண். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி தள்ளி நின்றார். மாலையில் சோதனை முடிவுத் தாளை அவள் நீட்ட, வாங்கிப் பார்த்தார்.

"என்னாச்சு சார்?" என்று கேட்டபடி தலைவி அறையிலிருந்து வந்தார்.

"வந்துருச்சு மேடம்."

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏறக்குறையவா?"

"இல்ல மேடம்" என்றார் தாளைப் பார்த்தபடியே. "வந்துருச்சு."