காலையும் மாலையும் ஒரு சிரிப்பு

என் வீட்டுக்காரர் குன்னத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பல்லை நான் பார்த்தது, அவர் பல் துலக்கும்போது மட்டும்தான். கோபக்காரரெல்லாம் இல்லை. சிரிப்பது அவசியமென்று அவருக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து மூன்றில் அவருடைய இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம் வந்தது. மாமியார் தொட்டுப் பார்த்தார்.

"பொன்னுக்கு வீங்கிதான். ஒன் செயினக் கழட்டி அவன் கழுத்துல போடு."

தங்கம் பட்டால் அந்த வீக்கம் வற்றிவிடும் என்பார்கள். என் செயினைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு அவர் பள்ளிக்கூடம் போனார். வருஷம் திரும்பியும் வீக்கம் போகவில்லை. செயினும் என் கழுத்துக்கு வரவில்லை.

பெரம்பலூர் டாக்டர் திருச்சிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்து, ஊசியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருச்சி டாக்டர் விளக்கினார்.

"கேன்சர் இல்லைங்க. எச்சில் சுரப்பிக்குள்ள ஓடுற நரம்போட உறையில வந்த கட்டி. ஆனா முகத்த அசைக்கிறதே அந்த நரம்புதான். அதுல அடிபட்டா ஒரு பக்கம் சிரிக்க முடியாமப் போகலாம்."

"இப்பவும் சிரிக்கிறதில்லைங்க சார்" என்றேன்.

டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். சிரிக்காவிட்டாலும் அது என் புருஷன் முகம்.

ஆபரேஷன் முடிந்தது. நரம்பு அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது என்றார்கள். இடது பக்கம் வாய் தொங்கியது, கண் மூடவில்லை. படுக்கும்முன் நான்தான் சொட்டு மருந்து விட்டு இமையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வருவேன்.

டாக்டர் பயிற்சி கொடுத்தார். காலையும் மாலையும் கண்ணாடி முன் நின்று புருவத்தைத் தூக்க வேண்டும், கன்னத்தை உப்ப வைக்க வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும்.

"எதுக்கு சார் சிரிக்கணும்?" என்று இவர் கேட்டார்.

"காரணமெல்லாம் வேண்டாங்க. சும்மா சிரிங்க."

வாத்தியார் அல்லவா, வீட்டுப்பாடம் தவறவில்லை. பீரோக் கண்ணாடி முன் விறைப்பாக நின்று சிரித்தார். முதலில் பாதிதான் வந்தது. மாதங்கள் போகப்போக மறுபாதியும் வந்து சேர்ந்தது. அவர் கன்னத்தில் குழி விழும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பேன். இரண்டு முறை அடிப்பிடித்தது.

கடைசியாகத் திருச்சிக்குப் போனபோது, டாக்டர் அவரைப் பார்த்து முடித்து மருந்து வாங்க அனுப்பினார். பிறகு என்னிடம் சொன்னார்.

"நரம்பு நல்லா வந்துருச்சும்மா. இனிமே பயிற்சி வேண்டாம். சார்கிட்ட சொல்லிருங்க."

வெளியே இவர் மருந்துப் பையோடு நின்றிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"பயிற்சிய விடாமச் செய்யணுமாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்" என்றேன்.