மேலண்ணத்தில் ஒரு கருப்பு

பல் டாக்டரைத் தேடி யாரும் ஆசையாக வருவதில்லை. வலி தாங்காமல் வருவார்கள், வந்ததும் எங்கள் மேலேயே எரிந்து விழுவார்கள். திருத்துறைப்பூண்டியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். கொரோனா இரண்டாம் அலையில் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டிக் கிடந்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தபோது, "நல்லா வாயைத் திறங்க" என்று சொல்லிப் பிழைத்தவள் நான்.

ஆடிய பற்கள்

பக்கிரிசாமி பக்கத்துக் கிராமத்து விவசாயி. பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. கொரோனா வந்து, ஸ்டீராய்டு ஊசியில் உயிர் தப்பி வீடு திரும்பியவருக்கு, இடது பக்கத்து மேல் பற்கள் மொத்தமும் ஆட ஆரம்பித்துவிட்டன. "எல்லாத்தையும் பிடுங்கி விட்டுடுங்க டாக்டரம்மா, நாத்தங்கால் வேலை கிடக்கு" என்று வாயைத் திறந்தார்.

டார்ச் அடித்தேன். மேலண்ணத்தில் அடுப்புக்கரி தடவினாற்போல ஒரு கருப்பு! புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த கருப்புப் பூஞ்சை, இதோ என் நாற்காலியில்! சர்க்கரை ஏறிய உடம்பில் மூக்கு வழியாக நுழைந்து, எலும்பை அரித்து, கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுகிற பாவி அது. பல் பிடுங்கக் கையில் எடுத்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "கன்னம் மரத்திருக்கா? பார்வை ரெண்டு ரெண்டாத் தெரியுதா?" என்று அடுக்கினேன். மனிதர் தன் மனைவி மல்லிகாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பல்லு வலின்னு வந்தா, இந்தம்மா கண்ணைப் பத்திக் கேக்குறாங்களே!"

மூன்று மா நிலம்

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்தாள் என் பள்ளித் தோழி நஸ்ரீன். அதிராம்பட்டினத்துக்காரி. விஷயத்தைச் சொன்னதும், "பேசிட்டு நிக்காத, அனுப்பு!" என்று போனிலேயே கத்தினாள். பக்கிரிசாமியோ அசையவில்லை. நில உச்சவரம்புச் சட்டத்தில் தாத்தாவுக்குக் கிடைத்த மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்துக்காகச் சித்தப்பா மகன் ராஜேந்திரனோடு அவருக்கு நீண்ட நாள் வழக்கு. ஆற்றில் தண்ணீர் வரப்போகிற நேரம் வேறு. "நான் போய்ப் படுத்துட்டா அவன் உழுதுடுவான். நிலம் அவன் அனுபவத்துல இருக்குன்னு கோர்ட்டுல ஆயிடும்" என்றார்.

"மூளைக்கு ஏறிட்டா உயிரே போயிடும்" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஊரடங்கில் பஸ் இல்லை, ஆம்புலன்ஸும் கிடைக்கவில்லை. மல்லிகா வெளியே போய் யாருக்கோ போன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் உர மூட்டை ஏற்றுகிற லோடு வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அதே ராஜேந்திரன்! பக்கிரிசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர் கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னார்: "ஏறுண்ணே. கேஸு அது பாட்டுக்குக் கோர்ட்டுல கிடக்கட்டும், நீ திரும்பி வந்து ஜெயிச்சுக்க."

கழுவிய பிரிட்ஜ்

அதற்குள் ஊரெல்லாம் வதந்தி. வெங்காயத்தோலில் இருக்கும் கருப்புதான் அந்தப் பூஞ்சையாம், பிரிட்ஜ் ரப்பரில் ஒளிந்திருக்குமாம்! ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். வாயைப் பார்த்தேன், பழுதில்லை. "வெங்காயம் ஒண்ணும் பண்ணாது டீச்சர், சர்க்கரையைக் கட்டுல வைங்க" என்றேன். பெருமூச்சு விட்டுக் கேட்டார்: "பிரிட்ஜை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன், இந்தச் சுகரை எதைப் போட்டுக் கழுவுறது?"

நஸ்ரீனின் குரல்

பக்கிரிசாமியின் சேதி வரவேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன். பூஞ்சையைக் கொல்லும் ஊசி மருந்துக்கு எங்கும் தட்டுப்பாடு. சோதனையில் பூஞ்சை உறுதியாகி, இடது மேல்தாடையையே எடுக்க வேண்டியதாயிற்று என்பது வரை தெரியும். ஒருநாள் நோயாளியின் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நஸ்ரீன் ஹலோகூடச் சொல்லவில்லை, அப்படியொரு கூச்சல்: "கண்ணு தப்பிச்சிருச்சுடி! கொஞ்சம் பிந்தியிருந்தாலும் தோண்டியிருப்பேன்!"

ஒரு டம்ளர் தண்ணீர்

அவர் திரும்பி வந்தபோது மேலண்ணத்தில் ஓட்டை. குடித்தது மூக்கால் வந்தது. பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை. ராஜேந்திரன் அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை என்று மல்லிகா சொன்னாள். வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. நான் அச்செடுத்து, ஓட்டையை அடைக்க ஒரு தகடு செய்து, சீவிச் சீவிச் சரிபார்த்து மாட்டிவிட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்க, நானும் மல்லிகாவும் மூச்சைப் பிடித்து அவர் மூக்கையே பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட வரவில்லை! நான் கைதட்டியே விட்டேன்.

"ஏதாவது பேசுங்க" என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மணி அடித்தாற்போலச் சொன்னார்: "கஞ்சியில உப்பே இல்ல."

மல்லிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன: "இதையா இத்தனை நாளா மூக்காலயே சொல்லிட்டிருந்தீங்க? நான் என் மேல உள்ள பாசம்னுல்ல நெனச்சேன்!"

ஆக, பெரிய வியாதியெல்லாம் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று நம்பிவிடாதீர்கள். சிலது பல்வலி என்று பொய்ப் பெயர் சொல்லிக்கொண்டு, சின்னக் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்.