பொன்வண்டின் முதுகில் விழுந்த வெளிச்சம்

பொன்வண்டைப் படம் எடுத்தவர் என் மாமா. வெளிச்சத்தைப் பிடித்தவன் நான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், அந்தப் படத்தை யார் பார்த்தாலும் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய மூன்றாவது வாக்கியத்தை இப்போதுதான் எழுதுகிறேன். அந்த வண்டைக் கொன்றவனும் நான்தான்.

வண்டு என் தங்கையுடையது. நைனார்பாளையத்திலிருந்து சாமை வாங்க வெள்ளிமலைக்குப் போன அப்பா, அதைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஜீப்பில் ஆள்மேல் ஆள் நெருக்கியதில் பெட்டி நசுங்கி, வண்டின் பச்சை முதுகில் ஓரமாக ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது. அதற்காகவே தங்கை அதன்மேல் கூடுதல் பாசம் வைத்தாள். வேலந்தழை பறித்துப் போட்டு, முட்டை வைத்திருக்கிறதா என்று தினமும் திறந்து பார்ப்பாள்.

உளுந்தூர்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்த மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்து மயங்கிவிட்டார். முதல் தடவை பிளாஷைக் கேமராவின் தலையிலேயே மாட்டி எடுத்தார். கழுவி வந்த படத்தில் வண்டு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீளமான ஒயரோடு வந்தார். பிளாஷைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஜன்னல்களைச் சாத்தி, என் சிலேட்டின்மேல் வண்டை வைத்து, பக்கவாட்டில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே அப்பாவின் வேட்டியைத் திரை போலக் கட்டினார். திரைக்கு அந்தப் பக்கம் நான்.

"வூட்ல ராத்திரிக்கே ஒரு பல்புதான் எரியுது. பட்டப்பகல்ல பூச்சிக்கு லைட்டா?" என்றாள் அம்மா.

"அக்கா, ஒன் கல்யாணப் படத்தவிட இது நல்லா வரும், பாத்துக்கினே இரு" என்றார் மாமா.

வண்டுதான் நிற்கவில்லை. வைத்தவுடன் சிலேட்டின் விளிம்புக்கு நடந்தது. மாமா ஐஸ் வண்டிக்காரரிடம் ஒரு கட்டி வாங்கிவந்து கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் தீப்பெட்டியை வைத்தார்.

"செத்துடாதில்ல மாமா?" என்றாள் தங்கை.

"சாவாது கண்ணு. குளுருக்குக் கொஞ்ச நேரம் சும்மா கெடக்கும். வெளிய வெச்சா எழுந்து நடக்கும்."

அப்படியே நடந்தது. அவர் கண்ணைக் கேமராவில் வைப்பதற்குள் எழுந்து நடந்தது. மறுபடி குளிரவைத்தார், மறுபடி நடந்தது. சலித்துப்போய் பீடி பிடிக்க வெளியே போனார். தங்கையை அம்மா கடைக்கு அனுப்பியிருந்தாள். மாமா என்னை மெச்ச வேண்டும் என்று எனக்கு ஆசை. வண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஐஸின்மேலேயே வைத்து ஒரு தட்டால் மூடினேன். மாமாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்ட பிறகுதான் எடுத்தேன்.

இந்தத் தடவை அது அசையவில்லை.

"கொஞ்சம் கீழ எறக்கு மாப்ள. இன்னும். அங்கியே புடிச்சிக்கினு நில்லு." வேட்டி முழுவதும் வெள்ளையாக மின்னி அணைந்தது. மறுபடி மின்னியது. எனக்குக் கை வலித்தது, ஆனால் நடுங்கவில்லை. "இன்னா பொறுமைடா ஒனக்கு. எங்க ஸ்டுடியோவுல ஒருத்தனும் இப்படிப் புடிக்க மாட்டான்" என்று தட்டிக்கொடுத்துவிட்டு மாமா பஸ்ஸுக்குக் கிளம்பினார். வண்டு இன்னும் எழவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

தங்கை கடையிலிருந்து வருவதற்குள் ஏரிக்கரை வேலமரத்துக்கு ஓடினேன். அதே அளவில், அதே பச்சையில் ஒன்று கிடைத்தது. செத்ததை அங்கேயே புதைத்துவிட்டு, புதியதைத் தீப்பெட்டியில் போட்டுத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் திறந்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் அதன் முதுகை ஓரமாகத் தடவினாள்.

"நல்லாத்தான் இருக்குது, பாரு" என்றேன்.

"பசிச்சிக்கினு இருக்கும்ணா" என்று சொல்லிவிட்டுத் தழை பறிக்கப் போனாள். ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். அதிலும் எனக்குப் பெருமைதான்.

படம் வந்தது. கறுப்பு வெள்ளைதான், ஆனால் காலின் முள் வரைக்கும் தெரிந்தது. பக்கத்திலிருந்து விழுந்த வெளிச்சத்தில், முதுகின் பள்ளம் நிழல் கட்டிச் சின்னக் கிணறு போல இருந்தது. அப்பா சட்டம் போட்டு மாட்டினார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் நான் அதனடியில் நிறுத்தி, "நேரா அடிச்சிருந்தா இந்தப் பள்ளம் தெரிஞ்சே இருக்காது. சைடுல புடிச்சது நானு" என்று விரல் வைத்துக் காட்டுவேன்.

"அந்த வண்டு இன்னும் இருக்குதா? எங்க, காட்டு பாப்பா" என்று அவர்கள் கேட்டால், தங்கை தீப்பெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவாள்.

"தூங்கிக்கினு இருக்குதுங்க."

எப்போது கேட்டாலும் அது தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் போனதும், "கஞ்சப்பிசினாறி, காட்டுனா கொறஞ்சா பூடும்?" என்று திட்டுவேன். அவள் படத்தை ஒரு தடவை பார்ப்பாள், என்னை ஒரு தடவை பார்ப்பாள்.

நான் பள்ளத்தைக் காட்டக் காட்ட அவள் ஏன் பெட்டியை இறுக்கி மூடிக்கொண்டாள் என்பது விளங்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு நான் அடுத்த ஆளைப் படத்தின் அடிக்கு அழைத்துக்கொண்டிருந்தேன்.