தரையிலிருந்து பத்தடி

"ஏலே, இந்த வலையை எவன் முடிஞ்சான்? அடியைக் கட்டாமலே விட்டுட்டானே! போட்ட மீனெல்லாம் கீழ போயிருமே!"

தூத்துக்குடியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் காதில் விழுந்தது இது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர், மாதிரிக்குத் தொங்கவிட்டிருந்த கூடைப்பந்து வலையைப் பார்த்து மற்றவரிடம் சொன்னார். பந்து கீழே விழத்தான் அந்த வலை என்று வெளியே போய்ச் சொல்ல ஆசையாக இருந்தது. கால் எழவில்லை. பில் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

விளையாட்டுச் சாமான் விற்க விளையாடத் தெரிய வேண்டியதில்லை. வருகிறவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். அந்த ஒரு காரணத்துக்காக முதலாளி அண்ணாச்சி என் கையில் அளவு டேப்பைக் கொடுத்துவிட்டார். யாராவது கூடைப்பந்து போஸ்டும் ரிங்கும் வாங்கினால், பொருத்துகிற ராஜ் அண்ணனோடு போய் உயரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. பெரியவர்களுக்குத் தரையிலிருந்து ரிங்கின் மேல்விளிம்பு வரை பத்தடி. ஏழெட்டு வயதுக்கு எட்டடி. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒன்பதடி. சொல்ல அரை நிமிடம் போதும். கேட்க வைக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

வளர்வதற்குப் பதினொன்று

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி வந்தார். மகனுக்குப் பத்து வயது. வீட்டு முற்றத்தில் ரிங் வைக்க வேண்டும். அதுவும் பதினோரு அடி உயரத்தில். "எட்டி எட்டிப் போட்டா இழுத்துக்கிட்டு வளருவாம்லா?" என்றார். அவர்கள் வீட்டில் எல்லோருமே கொஞ்சம் குட்டையாம். பையனோடு அது நின்றுவிட வேண்டுமாம்.

அந்த வயதுக்கு ஒன்பதடிதான் என்றேன். ரிங் எட்டாத உயரத்தில் இருந்தால் பையன் பந்தைக் குறி பார்த்துப் போட மாட்டான், இடுப்பிலிருந்து தூக்கி வீசுவான், தப்பான பழக்கம் வந்துவிடும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பில் புத்தகத்திடம்தான் சொன்னேன். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. கல்லாவிலிருந்த அண்ணாச்சிக்கு விழுந்துவிட்டது.

"நான் பனங்காட்டு ஊர்க்காரன். எங்க பிள்ளைய எல்லாம் பிறந்ததுலேர்ந்து பனையைத்தான் அண்ணாந்து பாக்குது. எவன்வே ஏழடி வளந்தான்?"

பந்தின் மேல் பழி

ஜெபராணி டீச்சர் ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில். அந்த விசில் அவருக்குத் தேவையே இல்லை, குரலே போதும். கூட ஒரு மாணவி வந்திருந்தாள். முத்துச்செல்வி, பன்னிரண்டாம் வகுப்பு, அணியின் தலைவி. "எங்க கிரவுண்டுல இவ பத்துக்கு எட்டு போடுவா. வெளிய போனா பத்துக்கு ரெண்டு. எல்லாப் பந்தும் ரிங்கோட முன்பக்கம் இடிச்சுத் திரும்பி வருது. வேற நல்ல பந்தா குடுங்க" என்றார் டீச்சர்.

ஒரு மாதத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வு இருந்தது. முத்துச்செல்வி தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரியில் இடமும் விடுதியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அம்மாவோடு இறால் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் டீச்சர்தான் சொன்னார். அந்தப் பெண் என்னைவிடக் கூச்சக்காரி. ஒவ்வொரு பந்தாக உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். நான் "இதுவா?" என்றேன். அவள் "ம்" என்றாள். எங்கள் பேச்சு அவ்வளவுதான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கிளம்பும்போது டீச்சர் அவளிடம் சொன்னார்: "பந்தை மாத்தியாச்சு. இனியும் முன்னால இடிச்சுதுன்னா அது உன் கைதாண்டி, பந்து இல்ல."

காயல்பட்டினத்து மொட்டைமாடி

காயல்பட்டினத்தில் போஸ்டை வீட்டுக்குக் கொண்டுபோவதே பெரிய வேலை. சந்தில் வண்டி நுழையாது. எதிரே வந்த ஸ்கூட்டர்கள் எல்லாம் நின்று வழிவிட, ராஜ் அண்ணன் கம்பத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார். மொட்டைமாடியில் வீட்டுக்காரர் ஏற்கெனவே காத்திருந்தார், தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்த செல்போனுக்குள். துபாயிலிருந்து வீடியோவில்.

பிள்ளைகள் இரண்டும் ஏழு வயது, இரட்டையர். எட்டடியில் வைக்கலாம் என்றேன். "நெட்ல பத்தடிதான் ஸ்டாண்டர்ட்னு போட்டிருக்கு. எட்டு வச்சு ஏமாத்தப் பாக்குறீங்களா?" என்றது போன். ஆளோடு பேசவே வராது எனக்கு. போனில் இருக்கும் ஆளோடு எப்படிப் பேச? ஏற்றி இறக்கும் போஸ்ட்தானே என்று ராஜ் அண்ணன் பத்தடிக்கு ஏற்றிக் காட்டினார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பந்தை வீசினாள். அது ரிங்குக்கு நான்கடி கீழே பறந்து, கொடியில் காய்ந்த போர்வையில் விழுந்தது. மகன் வீசியது போர்வைக்கும் போகவில்லை.

போர்வையை உதறிப் போட்டுவிட்டு அந்தப் பிள்ளைகளின் உம்மா போன் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான வாறீங்க? இப்ப எட்டுல இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் வந்து ஒரு அடி ஏத்தி வச்சிட்டுப் போங்க."

ரிங்கின் மேல் பழி

மூன்று வாரம் கழித்து டீச்சர் தனியாக வந்தார். கோவில்பட்டியில் ஆடிய ஆட்டத்திலும் தோல்வி. புதுப் பந்தும் முன்பக்கம் இடித்தே திரும்பியதாம். "எங்க ரிங்கு பழசு, வளைஞ்சிருக்கும். ரெண்டு பக்கத்துக்கும் புதுசு மாட்டிருங்க" என்றார்.

"அந்தப் பிள்ள எங்க?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"டீம்லேர்ந்து எடுத்துட்டேன் அண்ணாச்சி. நம்ம தரையில நல்லா போடுதா, வெளிய போனா பயத்துல கை சுருங்குது. தேர்வுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. வேற பிள்ளையப் பழக்குதேன்." கழுத்து விசிலை உருட்டிக்கொண்டே, "இப்ப சாயங்காலம் இறால் உரிக்கப் போறாளாம்" என்றார். பிறகு, பேச்சை மாற்றுகிறவர் போல, "தரைக்கு ஒரு குறையும் இல்ல. போன வருசம்தான் பழைய மாணவிகள்ட்ட கேட்டு, பழைய தரை மேலயே அருமையா காங்கிரீட் போட்டோம்" என்றார்.

பழைய தரை மேலேயே. என் பேனா நின்றுவிட்டது. தரை ஏறியது சரி, போஸ்டும் கூடவே ஏறியதா? கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். ஆனால் எதிரே நிற்பவர் இருபது வருட அனுபவமுள்ள டீச்சர். நான் பந்தைக் கையால் தட்டிக்கூடப் பழகாதவள். எப்படியும் சனிக்கிழமை ரிங் மாட்டப் போகிறோம், அளந்துவிட்டே சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சர் போன பிறகு அண்ணாச்சி என்னையே பார்த்தார்.

"என்னளா, பேனா மூடியைக் கடிச்சுத் தின்னுட்டிருக்க? வாய்ல என்னமோ இருந்துச்சு, அதையும் சேத்து முழுங்கிட்ட போல."

இரண்டு பாகம், ஒரு சாண் குறைய

சனிக்கிழமைக்கு முன்னால் ஆலந்தலையில் ஒரு வேலை இருந்தது. கோயில் பக்கத்துச் சிமெண்டுத் தளத்தில் ஊர் இளைஞர்கள் ரிங் வைக்கிறார்கள். நாங்கள் போவதற்குள் ஒரு படகுக்காரர் உயரத்தைக் குறித்தே வைத்துவிட்டார். கடலில் ஆழம் பார்க்கவும் கயிறு அளக்கவும் அவர்களுக்குப் பாகம்தான் கணக்கு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பத்தடி என்பது இரண்டு பாகம், ஒரு சாண் குறைய என்று கயிற்றை அளந்து, சுவரில் கரிக்கோடு போட்டிருந்தார்.

நான் டேப்பை வைத்துப் பார்த்தேன். பத்தடி ஒரு இஞ்ச். கடலில் அளந்தே பழகிய கைக்கு ஒரு இஞ்ச்தான் பிசகு. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இளைஞர்கள் அதற்குள், "பெரியப்பா, ஒரு இஞ்ச் கூடிட்டு! பெரியப்பா கை நீளம்!" என்று கூச்சல் போட்டார்கள். அவர் அசரவில்லை. என் டேப்பை வாங்கி, சரசரவென்று வெளியே இழுத்து, விட்டு, அது உள்ளே ஓடுவதைப் பார்த்தார்.

"இது இழுக்க இழுக்க நீளுது, விட்டா ஓடி ஒளியுது. என் கையி அறுபது வருசமா இதே நீளந்தான் மகளே."

ஒன்பது, ஏழு

சனிக்கிழமை காலை பள்ளி மைதானம். ராஜ் அண்ணன் ஏணியில் ஏறிப் பழைய ரிங்கின் மேல் டேப்பின் நுனியைப் பிடித்தார். நான் கீழே இழுத்து, தரையில் வைத்து, குனிந்து பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். நிமிர்ந்து ராஜ் அண்ணனிடம், "நீங்க சொல்லிருங்கண்ணே" என்றேன், உதட்டை மட்டும் அசைத்து. அவர் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், எனக்கு இந்த வெயில்ல எழுத்து சரியாத் தெரியல. நீங்க கொஞ்சம் வாசிச்சுச் சொல்றீங்களா?"

என் வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார். "ஒன்பது அடி..." என்று உரக்கத் தொடங்கியவர், "ஏழு" என்று மெதுவாக முடித்தார். எதிர்ப்பக்கத்துப் போஸ்டையும் அவரே டேப்பைப் பிடித்து அளந்தார். அங்கேயும் ஒன்பது, ஏழு. ஐந்து இஞ்ச் காங்கிரீட்டுக்குக் கீழே ஐந்து இஞ்ச் கம்பம் புதைந்து கிடந்தது. ஒரு வருடமாகப் பிள்ளைகள் தாழ்ந்த ரிங்குக்கே கையைப் பழக்கியிருக்கிறார்கள். சரியான உயரத்தில் ரிங் இருந்த ஊரில் எல்லாம் பந்து முன்னால் இடிக்காமல் என்ன செய்யும்?

தகடு வைத்து வெல்டு அடித்தால் இரண்டே நாளில் ஏற்றிவிடலாம் என்றார் ராஜ் அண்ணன். டீச்சர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, காங்கிரீட்டை உள்ளங்கையால் தடவினார். "இந்தத் தரைக்காக எத்தனை வீட்டுப் படி ஏறினேன்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"அப்ப அந்தப் பிள்ள கையில ஒரு கோளாறும் இல்லையா?"

மாப்பிள்ளையூரணி

அன்று சாயங்காலம் டீச்சரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளையூரணியில் முத்துச்செல்வி வீட்டுக்குப் போனேன். தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. வழியெல்லாம் பின்னாலிருந்து, என்ன சொல்லப் போகிறார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது.

முத்துச்செல்வியின் அப்பா வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாற்காலியில் உட்காராமல் நின்ற டீச்சருக்கு, மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல் வரவே இல்லை.

வேறு வழியில்லாமல் நான்தான் பேசினேன். "ரிங்கு தாழ்ந்து போயிருந்துச்சு. அஞ்சு இஞ்ச். இன்னைக்குத்தான் அளந்தோம்."

"அவ கைதான் சரியில்லன்னு டீச்சர்தானம்மா சொன்னாவ?" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றார் டீச்சர். "தப்பாச் சொல்லிட்டேன். அளக்காமலே சொல்லிட்டேன். ரிங்கைத் திங்கக்கிழமை ஏத்திருவாங்க. இவளை அனுப்பி வைங்கண்ணே."

"கம்பெனில நாளைக்கும் வரச் சொல்லியிருக்கான். போறதும் வாறதும் அவ இஷ்டம். அவகிட்டயே கேளுங்க."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, ஐந்து இஞ்ச் இவ்வளவுதான் என்று அவள் முகத்துக்கு நேரே காட்டினார். முத்துச்செல்வி அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். முழங்காலை லேசாக மடக்கி, வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, பந்தில்லாமலே மணிக்கட்டைச் சொடுக்கினாள். கையை இறக்காமல் அப்படியே நின்று யோசித்தாள். அப்புறம் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கி, இன்னும் கொஞ்சம் உயரத்துக்கு, மறுபடியும் சொடுக்கினாள்.