தார்ப்பாய் மூலையில் நின்றவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மெரெயானா பொய் சொல்கிறவள் இல்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே சிரித்துவிடுவாள். அவளுக்கு நடந்ததைத்தான் அப்படியே எழுதுகிறேன்.

நியூசிலாந்தில் ஒரு துறைமுகம். கப்பலேறப் போகும் மரத்தடிகளைத் தார்ப்பாயால் மூடி, பூச்சி சாக உள்ளே விஷவாயு விடுவார்கள். அதற்கு வாசனை கிடையாது. வேலையாட்கள் அதை எவ்வளவு வரை சுவாசிக்கலாம் என்று அரசாங்கம் ஓர் அளவு வைத்திருந்தது. அது அதிகம், குறையுங்கள் என்று துறைமுகத்துக் குடும்பங்கள் வருடக்கணக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவுக்காக அளக்க வந்தவள்தான் மெரெயானா.

காலை ஆறு மணி. ஆறு இடங்களுக்கு ஆறு பம்புகள் கொண்டுவந்திருந்தாள். காலரில் மாட்டிக்கொண்டால், நாள் முழுக்க மூக்கருகே இருக்கும் காற்றை இழுத்துச் சேர்க்கும். ஐந்து பேர் மாட்டிக்கொண்டு போனார்கள்.

கொஞ்சம் கழித்து ஆறாவது ஆள் வந்தார். வயதானவர். கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழையே இல்லை...

"தார்ப்பாய் மூலைக்கு நான்தாம்மா. பேரு ஹோஹெபா."

மாவோரி வழக்கப்படி இருவரும் நெற்றியும் மூக்கும் ஒட்டி வணக்கம் சொன்னார்கள். மூச்சைப் பகிர்ந்துகொள்ளும் வணக்கம் அது.

அவர் மூக்கு சில்லிட்டிருந்தது. மூச்சு... வரவில்லை.

கடல் காற்றில் தெரியவில்லை போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

டக்... டக்... பம்பு திணறி ஓட ஆரம்பித்தது.

"என்னைப் போலத்தான் இதுவும். முதல்ல திணறும், அப்புறம் பழகிரும்."

"பழகக் கூடாதுன்னுதான் மாமா நானே வந்திருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "என் கணக்கை மட்டும் விட்டுறாதம்மா" என்றார்.

மாலையில் ஐந்து பேர் பம்பைத் திருப்பித் தந்தார்கள். ஆறாவது பம்பு மேஜைமேல் இருந்தது. வைத்தவரை யாரும் பார்க்கவில்லை. அதன் வார் ஈரமாக இருந்தது.

பரிசோதனை முடிவு வந்தது. ஐந்து பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆறாவதில் மட்டும், அரசாங்க அளவைப் போல நான்கு மடங்கு.

மேஸ்திரி டெரெக்குக்குப் போன் போட்டாள்.

"ஹோஹெபாவா? அன்னிக்கு அஞ்சு பேர்தானே வேலைக்கு வந்தாங்க."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆளே இல்லாத கணக்கை எப்படிம்மா சேர்க்கிறது? தள்ளுங்க." இன்னொரு முறை அளக்கலாம் என்று மெரெயானா கெஞ்சிப் பார்த்தாள். நேரமில்லை என்றார்கள். ஐந்து பேர் கணக்கை வைத்து, பழைய அளவே போதும் என்று முடிவாகிவிட்டது.

அவளுக்கு மனசு ஆறவில்லை. துறைமுகத்துப் பழைய பதிவேட்டில் முகவரி தேடி ஹோஹெபாவின் வீட்டுக்கே போனாள். மனைவி பிரிஹிரா கதவைத் திறந்தாள்.

"அவரைப் பார்க்கணுமா? மேட்டுக்குத்தான் போகணும் கண்ணு. போன குளிர்காலத்துல அங்கதான் புதைச்சோம்."

மெரெயானா படியிலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

பிரிஹிரா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்க நின்னாரு?"

"தார்ப்பாய் மூலையில."

"அது அவரு வேலை பார்த்த இடம். இப்ப எம் புள்ள எருவேரா நிக்கிறான்."

எருவேரா... அன்று மெரெயானாவிடம் பம்பு வாங்கி மாட்டிய ஐந்து பேரில் ஒருவன்.

"நீ அளக்க வர்றேன்னு தெரிஞ்சதும், அன்னிக்கு மட்டும் எல்லாரையும் வாயு வராத பக்கமா நிறுத்திட்டாங்க கண்ணு. மூலையில யாருமே இல்ல. மறுநாளே எம் புள்ளையைத் திரும்ப அங்க அனுப்பிட்டாங்க."

மெரெயானா நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிரிஹிரா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது.

"புள்ளைக்காக அவரே வந்து நின்னிருக்காரு. இனிமே பயமில்ல. அளவைக் குறைச்சிட்டீங்கதானே?"